தலைகீழ் எட்டு

அவள் தன் எட்டை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

மேஜை மேல் இரண்டு கைத்துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்று ஜெர்மன் படையின் கிடங்கிலிருந்து வந்தது. மற்றது காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட போலந்துக்காரன் ஒருவனின் கையிலிருந்து எடுத்தது.

இரண்டிலும் ஒரே எண்.

இரண்டிலும் எட்டு தலைகீழாக நின்றது. சின்ன வட்டம் கீழே, பெரிய வட்டம் மேலே.

இதை அடித்தவள் யார் என்று ஜெர்மன் அதிகாரி கேட்டான். குரலை உயர்த்தவில்லை. போன இலையுதிர்காலத்தில் துப்பாக்கி ஆலையின் வாசலில் நட்ட தூக்குமரம் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

அவளோடு சேர்ந்து வரிசையில் நின்ற ஐந்து பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

அது போலந்தின் துப்பாக்கி. போருக்கு முன் அதன் பக்கவாட்டில் நாட்டின் சின்னமான கழுகு இருக்கும். நாட்டைப் பிடித்தவர்கள் ஆலையையும் பிடித்தார்கள். கழுகை எடுத்துவிட்டு, வேலையை மட்டும் பழைய ஆட்களிடமே விட்டுவைத்தார்கள். எண் அடிப்பது இந்த ஐந்து பேரின் வேலை. இரும்பு அச்சை வைத்து, சுத்தியலால் ஒரே போடு.

கணக்கில் காட்டாத துப்பாக்கி ஒன்று அவ்வப்போது மேஜைக்கு அடியில் வந்து சேரும். புது எண் போட்டால் கணக்கில் இடிக்கும் என்று ஏற்கெனவே அடித்த எண்ணையே அதிலும் அடிப்பார்கள். பிறகு அது ரொட்டிப் பைக்குள் ஒளிந்து, ஜெர்மானியரை எதிர்த்துக் காட்டில் சண்டையிடும் பையன்களிடம் போய்விடும்.

இரண்டாவதை மட்டும் அசிங்கமாக அடியுங்கள் என்று காட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிடிபட்டால் ஏதோ பட்டறையில் செய்த போலி என்று நினைத்துக்கொள்ளட்டும், ஆலைக்குள் வந்து தேட மாட்டார்கள் என்று.

நியாயமான யோசனைதான். மற்ற நாலு பேரும் அப்படியே செய்தார்கள்.

அவளுக்குத்தான் கை வரவில்லை. ஒரே ஒருமுறை கோணலாக அடித்துப் பார்த்தாள். வீட்டுக்குப் போன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நம் பையன்கள் கையில் இருப்பது எதிரி கையில் இருப்பதைவிட மட்டமாக இருக்கலாமா? அதன் பிறகு இரண்டையும் ஒரே மாதிரி அடித்தாள். சொல்லப்போனால், காட்டுக்குப் போவதை இன்னும் கொஞ்சம் நன்றாகவே அடித்தாள்.

கர்வம். வேறென்ன.

அந்தத் தலைகீழ் எட்டும் கர்வத்தில் வந்ததுதான். எல்லோரும் அடிக்கிற மாதிரி நாமும் ஏன் அடிக்க வேண்டும் என்று வேலைக்கு வந்த புதிதில் அச்சை விரல்களுக்குள் சுற்றித் தலைகீழாக்கி அடிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் வேலை செய்யும் லெயோகாடியா அதைக் கிண்டல் செய்யாத நாளில்லை. உன்னை மாதிரியே உன் எட்டுக்கும் தலைக்கனம் என்பாள்.

அதிகாரி ஒரு இரும்புத் தகட்டை மேஜை மேல் போட்டான். ஒவ்வொருத்தியும் ஒரு எட்டு அடிக்க வேண்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக.

வரிசையில் அவள் கடைசி.

எட்டை நிமிர்த்தி அடித்தால் அவள் தப்பிக்கலாம். ஆனால் அவன் வெறுங்கையோடு போகமாட்டான். யாரையாவது ஒருத்தியை இழுத்துக்கொண்டு போவான். லெயோகாடியாவுக்கு மூன்று பிள்ளைகள்.

அடித்தது அவள். அவளே அடித்துக் காட்டிவிடுவாள். அதையும் ஒழுங்காக அடித்துவிட்டே போவாள்.

கை நடுங்கவில்லை. அந்த நேரத்திலும் அதில் அவளுக்கு ஒரு பெருமை.

முதலில் லெயோகாடியா. அச்சை எடுத்தாள். விரல்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். அடித்தாள்.

பெரிய வட்டம் மேலே.

வரிசையின் கடைசியிலிருந்து அவள் தகட்டை எட்டிப் பார்த்தாள்.

அடுத்தவள் ஸ்தெஃபா. மாதா ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். பெரிய வட்டம் மேலே.

மூன்றாவது பெண்ணும். நாலாவது பெண்ணும்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேசி வைத்துக்கொள்ள நேரமும் இருக்கவில்லை.

தகட்டில் நாலு தலைகீழ் எட்டுகள். பழக்கமில்லாத கைகள். ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்று பாதிதான் பதிந்திருந்தது, மற்ற இரண்டும் சொல்கிற மாதிரி இல்லை.

அவள் சுத்தியலை எடுத்தாள். அப்போதுதான் உறைத்தது. வழக்கம்போல அடித்தால் ஐந்தில் ஒன்று மட்டும் அழகாக நிற்கும். நாலு பேர் உயிரைப் பணயம் வைத்தது வீணாகிவிடும்.

அச்சு தானாகவே தலைகீழாக, துளியும் கோணாமல் போய் நின்றது. அதைக் கஷ்டப்பட்டுச் சாய்த்தாள்.

அடித்தாள்.

அதிகாரி தகட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். துப்பாக்கிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மாற்றி மாற்றிப் பார்த்தான். ஏமாற்றுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. ஐந்து பேரையும் கொண்டுபோகிறேன் என்றான். கூடவே நின்ற ஆலையின் மேலாளரும் ஜெர்மானியன்தான். மாதக் கடைசிக்குள் படைக்கு அனுப்ப வேண்டிய துப்பாக்கிகளுக்கு நீங்கள் வந்து எண் அடிப்பீர்களா என்று கேட்டான்.

தகடு தரையில் விழுந்தது. அதிகாரியின் பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது.

லெயோகாடியா குனிந்து தகட்டை எடுத்தாள். கடைசி எட்டைப் பார்த்தாள்.

"கண்றாவியா அடிச்சிருக்கேடி," என்றாள்.

அவளுக்குக் கண் நிறைந்தது. இத்தனை வருஷத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்குக் கிடைத்ததில்லை.

இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. லெயோகாடியா அடுத்த துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்தாள். கிடங்குக்குப் போகிற துப்பாக்கிதான், கணக்கில் உள்ளதுதான். அதன் எண்ணில் ஒரு எட்டு வந்தது.

அச்சை எடுத்தாள். விரல்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள்.