தினமும் நடந்தால் போதும்

பிறந்தநாள் கேக்கில் சூப்பர்வைசர் ஒரே ஒரு துண்டுதான் சாப்பிட்டாள். பத்தே நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டி, வயிறு புரட்ட, ஆபீஸ் கழிவறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியிலிருந்து டைப்பிஸ்ட் பெண் தட்டினாள். "அக்கா, என்னாச்சு? இந்த வாரத்துல இது மூணாவது தடவை!"

"ஒண்ணுமில்லம்மா. இனிப்பை விட்டு ரொம்ப நாளாச்சு, ஒத்துக்கல."

"அந்தக் கட்டுப்பாடுதான்க்கா உங்களை இப்படி இளைக்க வச்சிருக்கு! நானும் நீங்க சொன்ன மாதிரியே தினமும் ரெண்டு மணி நேரம் நடக்கறேன். முட்டி வீங்கினதுதான் மிச்சம். ஒரு கிலோகூட இறங்கல. உனக்கு மனசுல உறுதி இல்லைன்னு வீட்டுக்காரர் குத்திக் காட்டறார். நான் என்னக்கா தப்பு பண்றேன்?"

உள்ளே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு எடுத்து, எடை குறைய இரைப்பையை வெட்டிச் சுருக்கிக்கொண்ட ஆபரேஷனின் ஐந்து தழும்புகளும் விரலில் தட்டுப்பட்டன.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கதவைத் திறந்தாள். டைப்பிஸ்ட் ஒரு காலைத் தாங்கியபடி, தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

சூப்பர்வைசர் குழாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவினாள்.

"நடக்கற வேகம் பத்தாதும்மா," என்றாள்.