வாசப்படியாண்ட நிக்காத

போனின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஷாலு இரண்டாவது முறையும் கேட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் காதில் வாங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் முழங்காலோடு முழங்கால் இடித்தது. திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்கு வருவதற்குள் பொழுது போய்விடும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் பக்கத்தில் சுவர் மாதிரி நின்றன.

அந்தப் பெண்ணின் கைக்குள் லண்டன் ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அதில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றவன் ஷாலுவின் தம்பி ஜெரோம்.

ஷாலுவின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள் அம்மா ஃப்ளோரா. அவள் அப்படியே தூங்கட்டும் என்று ஷாலு மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் மாதிரி வரவில்லை, வசவு மாதிரி வந்தது.

லண்டனில் குடியேறிய கதையை ஜெரோம் வீடியோ வீடியோவாகப் போடுகிறான். அறை பிடித்தது, எந்த ரயிலில் ஏறி எங்கே மாறி வேலைக்குப் போவது, ஓடும் படிக்கட்டில் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்பது, அத்தனை நெரிசலிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பது எப்படி. முதலில் யாரும் சீந்தவில்லை.

ஒரு நாள் அந்த ரயிலுக்குப் பின்னால் அம்மாவின் குரலை ஓடவிட்டான். அன்றிலிருந்து ஊரே பார்க்கிறது.

அது அம்மா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் குரல். காசிமேட்டுக் கொட்டகையில் அவள் இறால் உரிக்கிறாள். ஐஸில் கிடந்து விரல் சுருங்கிவிட்டால், அது விரல்தான் என்றே போனுக்குத் தெரிவதில்லை. அதனால் விடிந்ததும், கை காய்ந்திருக்கும்போதே, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மகனுக்குப் புத்தி சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஷாலு அந்த வீடியோவை முதலில் பார்த்தது வண்ணாரப்பேட்டையில், அவள் வேலை செய்யும் ஜவுளிக்கடையில். கூட வேலை செய்கிற பெண்கள் அம்மா மாதிரியே பேசிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார்கள். யார் குரல் என்று அவர்களுக்குத் தெரியாது. ஷாலு கையிலிருந்த புடவை அட்டையை இரண்டாக உடைத்தாள்.

அன்று ராத்திரி தம்பிக்கு வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினாள். பதிலுக்கு மறுநாள் இன்னொரு வீடியோதான் வந்தது.

அப்புறம் அம்மாவின் போனில் வீடியோ வருகிற வழியையெல்லாம் அழித்தாள். பக்கத்து வீட்டு டில்லிபாபுவிடம், அம்மாவுக்குக் காட்டினால் செருப்பு பிய்ந்துவிடும் என்று சொல்லி வைத்தாள். கண்ணில் தூசி விழாமல் பிள்ளையைக் காப்பது போல அம்மாவைக் காத்து வந்தாள்.

இப்போது தூசி எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

"சவுண்டா வையிம்மா, நாங்களும் சிரிக்கிறோம்" என்றார் டிரைவர்.

அந்தப் பெண் வைத்தாள்.

"ஜெரோமு, வண்டில ஏறுனா வாசப்படியாண்ட நிக்காத நைனா. உள்ள போயி கம்பியப் புட்ச்சிக்கோ. பர்ச மேல் பாக்கெட்ல வெக்காத, அட்ச்சிகினு பூடுவானுங்கோ."

வீடியோவில் ரயில் கதவு தானாக மூடிக்கொண்டது. ஜெரோம் மூடிய கதவைப் பார்த்தான். அப்புறம் நம்மைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

ஆட்டோ குலுங்கிச் சிரித்தது. டிபன் பையை மடியில் வைத்திருந்த ஒருவர் புட்ச்சிக்கோ, புட்ச்சிக்கோ என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எந்தக் குப்பத்துக் கெயவியோ, பாவம் அந்தப் பையன் என்றார்.

ஷாலு எட்டி அந்தப் போனைப் பிடுங்கினாள். எதை அழுத்தினால் நிற்கும் என்று பார்க்கும் பொறுமை இல்லை. திருப்பித் தன் தொடையில் வைத்து அமுக்கினாள். குரல் நிற்கவில்லை. பசிச்சா கடை வெச்சிகீறவன்கிட்ட வெக்கப்படாம கேளு என்று அவள் தொடை அதிர அதிரப் பேசிக்கொண்டே இருந்தது.

யாரும் இப்போது சிரிக்கவில்லை.

தோளில் இருந்த கனம் போய்விட்டதை அப்போதுதான் ஷாலு உணர்ந்தாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அது நீ இல்லை என்றாள் ஷாலு. அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது.

அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை எடுத்தாள். வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது. கடைசி வரை பார்த்தாள். பிள்ளைக்குக் கழுத்தெலும்பு தெரிகிறது என்றாள். டிபன் பைக்காரர் வெளியே லாரியைப் பார்க்க ஆரம்பித்தார்.

உன்னை வைத்துக் காமெடி பண்ணுகிறான், ஊரெல்லாம் சிரிக்கிறது, அதுவாவது புரிகிறதா என்று ஷாலு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அம்மா போனை அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டு ஷாலுவின் பக்கம் திரும்பினாள்.

"இத்த நீ மின்னயே பாத்துக்கீறியா?"

ஷாலு தலையசைத்தாள்.

இந்த முகம் எப்படி உடையும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து, தாங்கிப் பிடிக்கத் தயாராக இருந்தாள். முகம் உடையவில்லை. மூக்கு விடைத்து, உதடு நடுங்கி, ஷாலு பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு கோபம் அதில் ஏறியது. அது லண்டனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது.

பிளேன் ஏறிய நாளிலிருந்து ஜெரோமிடமிருந்து அம்மாவுக்கு ஒரு போன் வந்ததில்லை. ஒரு வார்த்தை வந்ததில்லை. விடிந்ததும் அவள் பேசியதெல்லாம் சுவரிடம் பேசியது போலத்தான் இருந்தது.

"அவன் கேட்டுகினுதான் கீறான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா இன்னாடி?"