நாரை ஸ்டிக்கர்

"கார் மேல சைக்கிள் கீதுன்றது எப்டி சார் மறந்துபோவும்?"

ஆபிரகாம் திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார். ஹரிஹரனுக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலோரத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் கொட்டகை அது. ஈசிஆரில் சனி, ஞாயிறு பறக்கிற சைக்கிள்காரர்களும் இப்போது உடைந்த கார்பன் ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வருகிறார்கள்.

"ஏதோ யோசனையில வந்துட்டேண்ணே. எங்க அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல இறங்குற எடத்துல ஒரு பீம் இருக்கு. மடார்னு ஒரு சத்தம். அப்பதான் மேல சைக்கிள் இருக்கறதே ஞாபகம் வந்துச்சு."

"அப்பார்ட்மென்ட்டு எங்க?"

"படூர்ல."

"ஓ, படூரா?" ஆபிரகாம் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இதான் மொதோ தடவையா?"

"சத்தியமா முதல் தடவைண்ணே! அந்தக் கார் மேல இதுவரைக்கும் ஒரு குடையைக்கூட நான் ஏத்துனதில்ல. சைக்கிள் என் வொய்ஃபோடது."

ஹரிஹரன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி தமிழ்ச்செல்வி இதில்தான் பாண்டிச்சேரி வரை போகப்போகிறாள். நாலு மாதமாக விடியற்காலையில் எழுந்து பயிற்சி. ஆபீஸ் வேலையாக ஓசூர் போயிருக்கிறாள், சனிக்கிழமை வந்துவிடுவாள். அதற்குள் சைக்கிளை சர்வீஸ் செய்துவைத்து நல்ல பேர் வாங்கலாம் என்று கிளம்பிப்போய்த் திரும்பியவன்தான், இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ள நிற்கிறான்.

"கடையில கேட்டேன். புது ஃப்ரேம்தான் போடணுமாம். வர மூணு வாரம் ஆகுமாம். அவ ரைடு போயிடும்ணே. நாலு மாசமா அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"சனிக்கெழம காலைல வாங்க, ரெடியா இருக்கும். இருங்க, இத முடிச்சிட்டு வரேன்."

பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த படகின் ஓட்டைமேல் கடைசி ஃபைபர் துணியைப் போடப் போனவர், அதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சிவப்பு நூலை எடுத்து உள்ளே வைத்தார். அதன்மேல் துணியைப் போட்டு ரெசின் பசையைத் தடவினார்.

"நூல் எதுக்குண்ணே?"

"அடையாளம் சார். நான் போடுற ஒட்டு எல்லாத்துலயும் உள்ள செவப்பு நூலு இருக்கும். நாளைக்கி வுட்டுகிச்சின்னா எவன் போட்டதுன்னு பேஜாரு வரக்கூடாது, பாருங்க."

ஹரிஹரனின் போன் அடித்தது. தமிழ்ச்செல்விதான். கைதவறி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டான்.

"ஏங்க, சைக்கிள் பக்கம் போகலையே?"

"நான் ஏன் போறேன்?"

"நீங்க கை வெச்சாலே வெளங்காது, அதான் கேட்டேன். அன்னிக்குக் காரைத் தூண்ல உரசிட்டு வந்த ஆள்தானே! ஒரு பொருளைப் பத்திரமா வெச்சுக்க என்னைப் பார்த்துக் கத்துக்கோங்க."

"சரி தமிழு. சரிம்மா. வெச்சிடறேன்."

ஆபிரகாம் கூச்சமே இல்லாமல் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மா குரலு எங்கியோ கேட்ட மாரி கீதே," என்றார்.

"எல்லா வீட்டுலயும் இதே குரல்தாண்ணே. ரெண்டு வருஷம் முன்னாடி தூண்ல உரசுன அன்னிக்கு என்கிட்டேருந்து கார் சாவியைப் புடுங்குனவதான், அப்புறம் அவ மட்டுந்தான் ஓட்டுறா. இப்ப அவ பஸ்ஸுல போனதால சாவி வீட்ல இருந்துச்சு. இது மட்டும் தெரிஞ்சா ஜென்மத்துக்கும் எனக்குச் சாவி கிடையாது."

ஆபிரகாம் ஃப்ரேமை எடுத்து மேசைமேல் வைத்தார். சீட்டுக்குக் கீழே, மேல்குழாய் வந்து சேர்கிற இடத்தில் முடி மாதிரி ஓடியது விரிசல். ஓடிப்போய் ஒரு ஸ்டிக்கருக்குள் புகுந்துகொண்டது. ஒற்றைக் காலில் நிற்கும் நாரைப் படம்.

"இத உரிக்கணுமே சார்."

"ஐயோ, வேணாம்ணே! மார்ச்ல வேடந்தாங்கல் போனப்ப வாங்குனது. அவளே ஒட்டுனா. நான் தொடைக்கப் போனாக்கூட 'நாரை மேல கை வெக்காதீங்க'ன்னு கத்துவா. உசுரு மாதிரி வெச்சிருக்கா."

"நாரைக்கி அடியில விரிசல் எவ்ளோ தூரம் போயிருக்குன்னு பாக்காம எப்டி ஒட்டறது? அம்மா நல்லபடியா பாண்டி போய் எறங்கணுமா, நாரை இருக்கணுமா?"

ஹரிஹரன் நாரையைப் பார்த்தான். வீட்டில் அவள் பத்ரகாளியாக நிற்பது கண்முன்னே வந்தது. இந்த ஃப்ரேம் நடுரோட்டில் இரண்டாகி அவள் விழுவதும் வந்தது.

"உரிங்கண்ணே. திட்டு நான் வாங்கிக்கறேன். அவ கீழ விழக்கூடாது."

ஆபிரகாம் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, நாரையை மெதுவாக உரித்தார். கொஞ்ச நேரம் அந்த இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி, ஹரிஹரனை உற்றுப் பார்த்தார்.

"பொல்லாத ஆளு சார் நீங்க!"

"ஏண்ணே, விரிசல் பெருசா?"

ஆபிரகாம் விரலால் தொட்டுக் காட்டினார். நாரை நின்ற இடத்தில் பெயின்ட் இல்லை. கண்ணாடி மாதிரி ஒரு பழைய ஒட்டு. அதற்குள்ளே ஒரு துண்டுச் சிவப்பு நூல்.

"மொதோ தடவைன்னு சத்தியம் வேற பண்றீங்க! போன மார்ச்சுல, நீங்க பேஸ்மென்ட்டு பீம்ல இட்ச்சி ஒடச்சிட்டீங்கன்னு இதே சைக்கிள எடுத்துனு வந்து, இங்க நின்னு உங்க வூட்டம்மா எப்டி அழுதாங்க தெரியுமா?"