கேட்காதவள்

அம்மாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் வாயாடி.

வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. கடையில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில் என்று போகிற இடமெல்லாம் அம்மாவுக்கும் சேர்த்துப் பேசிப் பேசியே மகளுக்கு வாய் நீண்டுவிட்டது.

பெற்றோர் கூட்டம். பெரிய கூடத்தில் வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்பு டீச்சர்.

இந்த டீச்சரின் தலைக்கு மேலே சுவரில், 'இது எல்லோருடைய பள்ளி' என்று வண்ண எழுத்துகளில் ஓர் அட்டை தொங்கியது. எந்தப் பிள்ளையும் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள அந்தப் பெயரில் பள்ளியில் ஒரு குழு இருந்தது. இந்த டீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. கூட்டத்துக்குச் சைகை மொழி தெரிந்த ஒருவரை வரவழைக்கலாமா என்று தலைமை ஆசிரியை கேட்டபோது, எதற்கு வீண் அலைச்சல், பொண்ணே போதுமே என்று சொன்னவளும் அவள்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு டீச்சர் ஆரம்பித்தாள். உங்கள் பெண் பக்கத்தில் உட்காரும் பிள்ளையைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள், இன்னொரு முறை இப்படி நடந்தால் வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது என்றாள்.

வாயாடி கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டாள். பிறகு அம்மா பக்கம் திரும்பிக் கைகளை உயர்த்தினாள்.

கட்டுரைப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசாம், டீச்சருக்கு ரொம்பப் பெருமையாம் என்றாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது. டீச்சரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெருமைப்படுகிறவள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

தலைவலி என்றாள் வாயாடி. காலையிலிருந்து இத்தனை பேரிடம் பேசினால் வராமல் இருக்குமா?

அம்மா தலையாட்டினாள். மடியிலிருந்து கைகளை எடுத்து அடுத்ததைக் கேட்டாள்.

என்னை வைத்து யாராவது உன்னைக் கேலி செய்கிறார்களா?

டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள்.

கேலி நடக்கத்தான் செய்தது. பக்கத்து இருக்கைப் பிள்ளை தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் எழுப்பி, விரல்களைக் கோணல்மாணலாக ஆட்டிக் காட்டும். மொத்த வகுப்பும் விழுந்து விழுந்து சிரிக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் டீச்சர் திரும்பாமலே, சத்தம் போடாதீர்கள் என்பாள். அறை விழுந்த அன்றும் அப்படித்தான். சிரித்தவர்களை விட்டுவிட்டு, அறைந்தவளை வெளியே நிற்க வைத்தாள்.

சேச்சே, என்றாள் வாயாடி அம்மாவிடம். நம் மொழியைச் சொல்லிக்கொடு என்று எல்லோரும் என் பின்னாலேயே சுற்றுகிறார்கள். டீச்சர்கூடக் கேட்டார்கள்.

அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. கைப்பையைத் துழாவி ஒரு சின்னத் தைல டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

வாயாடிக்குத் திக்கென்றது. எதுக்கு இது என்று டீச்சர் கேட்டால்? அதற்கும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தாள்.

டீச்சர் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் தொட்டு, நெற்றிப் பொட்டில் தேய்த்துக்கொண்டாள்.

தேய்த்த விரல் பாதியில் நின்றது.

தலைவலி என்று அந்த மேஜையில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

வாயாடி அவளையே பார்த்தாள். முதலில் வந்தது, பொய் பிடிபட்டுவிட்ட பயம். அந்தப் பயம் அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது. நம் மொழி தெரிந்த ஓர் ஆள் இந்தப் பள்ளியிலேயே இருந்திருக்கிறார். அந்த உறுமலும் சிரிப்பும் கேட்டபோதெல்லாம் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்.

வாயாடி மேஜைமேல் குனிந்து, பக்கத்து மேஜைக்குப் போகாத குரலில் கேட்டாள்.

"உங்களுக்குப் புரியுது, இல்ல மிஸ்?"

"என்ன புரியுது?" என்றாள் டீச்சர். காது மடல்வரை சூடேறியது. அந்தப் பெண்ணின் கண்களைப் பார்க்க முடியாமல் டப்பாவின் மூடியைத் திருகி மூடிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ இறுகிவிட்டது.

அடுத்த பெற்றோர் வந்து பின்னால் நின்றார்கள். அம்மா எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி, இந்த முறை மகளை நடுவில் வைக்காமல், நேராக டீச்சரைப் பார்த்தாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து எடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள்.

பதில் சொல்ல டீச்சரின் கைகள் தாமாகவே மேஜையிலிருந்து எழும்பின. பக்கத்து மேஜை டீச்சர் இந்தப் பக்கம் பார்த்தாள். எழும்பிய கைகள் அப்படியே இறங்கிக் காகிதங்களை அடுக்கத் தொடங்கின. டீச்சர் ஒன்றும் விளங்காதவளைப் போல வாயாடியைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும், டீச்சரின் மானம் கப்பலேறிவிடும். வாயாடி காட்டிக்கொடுக்கவில்லை.

"போயிட்டு வர்றோம்னு சொல்றாங்க மிஸ்."

டீச்சர் பெரிதாகத் தலையாட்டினாள்.

டீச்சரின் வீட்டிலும் தினமும் காலையில் ஒருத்தி வாசலில் வந்து நின்று, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து எடுத்து, அவள் முதுகைப் பார்த்து இதையேதான் சொல்கிறாள். அவளைப் பெற்றவள்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தால் டீச்சர் திரும்பிப் பார்ப்பதில்லை.