ஷேவிங் மிஷின் உறை

"மாடியிலேர்ந்து விழுந்துது பாய்! கருங்கல் தரையில. ஒரு கீறல்? மூச்!"

பாண்டி பஜார் நடைபாதையில் உறை தைத்து விற்கும் குலாம் ரசூல் நிமிர்ந்து பார்த்தார். பேஜர் உறை, கால்குலேட்டர் உறை, புதிதாகக் கிளம்பியிருக்கும் செல்போன் உறை எல்லாம் தோரணமாகத் தொங்கிய கயிற்றை விலக்கிக்கொண்டு ஒரு மாமி நின்றிருந்தாள். மந்தைவெளி மாமி. போன மாதம் வந்தவள். அவளுக்குப் பின்னால் அதே கணவர், அதே ஊமைக் கோட்டான் முகம்.

அன்றைக்கும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. பேசியதெல்லாம் மாமிதான். கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்து நீட்டினாள். உள்ளங்கையில் அடங்கும் உருளை. தலையில் ஒரு வட்டத் தட்டு, பக்கவாட்டில் பொத்தான்.

"ஷேவிங் மிஷினா?" என்று ரசூல் கேட்டார். மாமி ஏதோ சொல்ல வந்தாள். கணவர் அவள் கையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"அமெரிக்காவிலேர்ந்து என் தங்கை அனுப்பினது பாய். முதல்ல இருந்தது கை தவறி விழுந்து உடைஞ்சுடுத்து. இதுவும் போனா வேற கிடையாது. பொண்ணு ஹம்சினிக்குக் கல்யாணம் வேற வரது."

"உள்ளே ஹவாய் செருப்பு ரப்பர் வெச்சாதான் அடி தாங்கும். பரவால்லியா மாமி? நீங்க ஆசாரம் பாக்கறவங்க."

மாமி தயங்கினாள். கணவரோ தலையை வேகமாக ஆட்டினார். ரசூல் மூலைகளில் ரப்பரை இரட்டையாகக் கொடுத்து, மேலே ரெக்சின் போட்டு, வாயை இறுக்கி பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

"இன்னா ரசூல் பாய், தாடி வழிக்கிற மிஷினுக்கு மெத்தையா?" என்று பக்கத்தில் வளையல் விற்கும் வலியுல்லா அன்றைக்குச் சிரித்தார்.

இப்போது அவரும் காதைத் தீட்டிக்கொண்டார்.

"எப்படிம்மா வுழுந்துச்சு?" என்றார் ரசூல்.

"முகூர்த்தத்தன்னிக்குக் காலம்பர. மண்டபத்து மாடி ரூம்லேர்ந்து இவர் இறங்கிண்டிருந்தார். சம்பந்தி ஆத்து வாண்டு ஒண்ணு ஓடி வந்து மோதித்து. கையில இருந்தது கைப்பிடிச் சுவரைத் தாண்டி முற்றத்துல 'டம்'முனு! எனக்கு உசிரே போயிடுத்து."

"அய்யோ!"

"விஷயம் அதுக்குள்ள மண்டபம் பூரா பரவிடுத்து. 'பரவாயில்லை, தம்பியை மணையில உட்கார வெச்சுடலாம், சித்தப்பாவே கன்னிகாதானம் பண்ணிக் குடுக்கட்டும்'னு பெரியவா எல்லாம் முடிவே பண்ணிட்டா. இவர் முகத்தைப் பார்க்கணுமே! ஒரே பொண்ணு பாய். மூணு வயசுலேர்ந்து 'என் மடியில உட்கார வெச்சுதான் தாரை வார்ப்பேன்'னு சொல்லிண்டிருந்த மனுஷன்."

ரசூலுக்கு எரிச்சலாக வந்தது. சவரம் பண்ணாத அப்பன் பெண்ணைக் கொடுக்கக் கூடாதா? என்ன சட்டம் இது? சரி, அவரவர் சாஸ்திரம் அவரவருக்கு.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமி. தெருமுனை பொட்டிக்கடையில ஒரு பிளேடு வாங்கினா முடிஞ்சுது. இதுக்குப் போயி தம்பியைக் குந்த வெப்பாங்களா?"

மாமி சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கணவரும் சிரித்தார், சத்தமில்லாமல்.

"ஓடிப்போய் எடுத்து வந்து, பட்டனைத் திறந்தா, வெச்சது வெச்சபடி இருக்கு. அமுக்கினா ஓடறது! இவர் மணையில போய் உட்கார்ந்தார். ஹம்சினி இவர் மடியில உட்கார்ந்தா. உங்களாலதான் பாய்." கனமான ஒரு பையைக் கடைப் பலகையில் வைத்தாள். "சீர் பட்சணம். லட்டு, முறுக்கு, அதிரசம். நான் மட்டும் வந்து குடுத்துட்டுப் போறேன்னேன். நேர்ல வந்தாகணும்னு இவருக்குப் பிடிவாதம்."

நேரில் வந்த மனிதர் ஒரு வார்த்தை பேசினால்தான் என்ன? ரசூல் பையை வாங்கிக்கொண்டார். "என்னாங்க சாமி, உறை புட்ச்சிருக்கா? நீங்களும் உங்க வாயால சொல்லுங்க."

மாமி கணவரைப் பார்த்தாள். அவர் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த உறையின் பட்டனைத் திறந்து மிஷினை எடுத்தார். முகவாயை உயர்த்தி, தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினார். 'கொர்ர்' என்று ஓடியது.

"பாருய்யா, நடுரோட்டுலயே சவரம்!" என்றார் வலியுல்லா.

மாமியின் கணவரின் உதடுகள் அசைந்தன. அந்தக் 'கொர்ர்' சத்தமே, ஏற்ற இறக்கம் இல்லாத ஒற்றைச் சுருதியில், சொற்களாக வெளியே வந்தது.

"கான்சர்ல குரல்வளையை எடுத்துட்டா, பாய். என் பொண்ணைத் தாரை வார்க்கற மந்திரம் பூரா, இதாலதான் சொன்னேன்."