ஐந்தில் மட்டும் சத்தமில்லை

ஜெர்மனியின் பிரேமன் நகரத்துப் பனிக்காலப் பகல், திரைச்சீலையின் ஓரத்தில் மங்கலாகக் கசிகிறது. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த வீப்கே, காலுறையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடக்கிறாள். இன்றிரவும் அவள் போயாக வேண்டும். ஜன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கிறது. அதன் முன்னால் மண்டியிட்டிருக்கிற அவள் புருஷன் ஹின்னெர்க், வால்வின் தலையைக் கழற்றி, உள்ளே இறுகிப்போன ஊசியைக் குறட்டால் மெல்ல அசைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டுகிறான். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகை மூன்றில் வைத்தால் தட்டுகிறது. ஒன்றில் வைத்தாலும் தட்டுகிறது. முழுக்க மூடிக்கொள்ளவோ அது மறுக்கிறது. “உன்னை மாதிரியேதான், வாயை மூடவே தெரியாது” என்கிறாள் வீப்கே, கண்ணைத் திறக்காமல். “ரிப்பேர் ஆள் திங்கக்கிழமைதான் வருவானாம். நீ தூங்கு.” “அது தூங்கினாத்தானே நான் தூங்க.”

அவன் திருகைக் கடைசி எண்ணான ஐந்துக்குக் கொண்டுபோகிறான். சத்தம் அடங்குகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அறை அடுப்படியாகக் காந்துகிறது. பாவம், அவள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுப் புரள்கிறாள். ரேடியேட்டர் சுடும்போது யாராவது ஜன்னலைத் திறந்தால், சூடு வீணாகிறதென்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி ஏசுகிறவன் ஹின்னெர்க். பக்கத்து வீட்டுக்காரர்களைக்கூட விட்டதில்லை. அவன் எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, ஜன்னலை ஒருக்களித்துத் திறந்து வைக்கிறான். பனித்தூள் உள்ளே வந்து சுடுகிற இரும்பின்மேல் விழுந்து உருகுகிறது. “ஹின்னெர்க், ஜன்னல் திறந்திருக்கு” என்று அவள் பாதித் தூக்கத்தில் முணுமுணுக்கிறாள். “இல்லையே, மூடித்தான் இருக்கு” என்கிறான் அவன்.