இறாலுக்கு அடியில் வந்த போத்தல்

ஹெக்டர், ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்தார். ஆய்வுகூடம் முழுவதும் இறால் வாசம்.

கையை மணிக்கட்டுவரை விட்டுத் துழாவினார். இறாலுக்கு அடியில் ஐஸ், ஐஸுக்கு அடியில் பொலித்தீன் சுற்றிய ஒரு போத்தல். அதைத் துடைத்து என் மேசையில் வைத்து, மனிசியின் தண்ணி என்றார்.

மனிசி என்றால் எங்கள் பக்கத்தில் மனைவி. பெயர் செசீலியா. நெஞ்சுக்குள் கட்டியிருந்த நீரை அன்று காலை ஊர் ஆஸ்பத்திரியில் ஊசியால் எடுத்துவிட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஐஸில் வைத்து அனுப்பச் சொன்னது நான்தான். முதல் போத்தல் சோதனைச் சாவடிகளில் மறிபட்டு, வெயிலில் வெந்துதான் வந்து சேர்ந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி இரண்டு மாதமாகியும், செக்பொயின்றுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. வெப்பத்தில் நீரிலுள்ள உயிர்க்கலங்கள் ஊதிப் பெருத்துவிடும். ஊதிய கலம் புற்றுக் கலம் போலவே முழிக்கும். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல், புதிதாக எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தேன். அதற்குள் புற்று என்ற சொல் அவர்களின் ஊரான தேற்றாத்தீவு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

போத்தலைக் கண்டால் வழியில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், இறாலைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள். ஹெக்டர் போட்ட திட்டம் பலித்துவிட்டது.

என் உதவியாளர் இராசாத்தி, இறால் கிலோ என்ன விலை என்று கேட்டாள். விற்க இல்லை என்றார். அரைக் கிலோவாவது என்று இழுத்தாள். அவர் மூடியை இறுக்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கும் எரிச்சல்தான். வாவி இறால் என்றால் எனக்கு உயிர். மனிசி இந்த நிலையில் இருக்கும்போது இறாலை இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறாரே, இவரெல்லாம் என்ன மனிதர் என்று நினைத்தேன்.

நீரைச் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடித் தகடுகளில் பூசி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன்.

எடுத்த எடுப்பிலேயே பெரிய கலங்கள்.

நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையின் கலங்கள் பொல்லாதவை. உறையில் அழற்சி வந்தால் கழன்று நீரில் விழும். பெருக்கும். கரு இரண்டு மூன்றாகும். புற்றின் வேஷத்தை அப்படியே கட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடத் தெரியாது. இரண்டு கலங்கள் அருகருகே நின்றாலும் நடுவில் சன்னல் போல ஒரு சின்ன இடைவெளி இருக்கும். புற்றுக் கலங்களுக்கு அந்த மரியாதை கிடையாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நெரித்து, பந்தாகத் திரண்டுவிடும்.

தகட்டை மெல்ல நகர்த்தினேன். சன்னல்.

இன்னும் நகர்த்தினேன். அங்கேயும் சன்னல். ஐஸின் புண்ணியத்தில் ஒவ்வொரு விளிம்பும் துல்லியமாகத் தெரிந்தது. சுற்றிலும் இரத்தத்தின் சின்னச் சின்ன வெண்குழியங்கள், கோயில் திருவிழாக் கூட்டம் மாதிரி.

அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. இன்னொரு தகட்டுக்கு வேறு சாயம் ஏற்றச் சொன்னேன். நெடுநேரம் தேடினேன். கழுத்து வலித்தது.

நீலத்தின் நடுவே ஒரு சிவப்புக் குச்சி. பக்கத்தில் இன்னொன்று.

கசநோய்க் கிருமி. நெஞ்சு நீரில் இதைக் கண்ணால் காண்பது குதிரைக்கொம்பு. இராசாத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கிருமியைப் பார்த்து நாங்கள் இருவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

வெளியே போய் ஹெக்டரிடம் சொன்னேன். புற்று இல்லை. கசநோய். ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் குளிசை போட்டால் உங்கள் மனிசிக்கு முழுதாகச் சுகம் வந்துவிடும்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைக்கப் போனவர் இறால் கையாலேயே துடைத்துவிட்டார். எரிச்சலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் சிரித்தார்.

மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் இறாலை அள்ளி ஒரு பைக்குள் போட்டு இராசாத்தியிடம் நீட்டினார். வந்தபோது ஒன்றுகூடத் தர மறுத்தீர்களே, இப்போது என்ன வந்தது என்று கேட்டேன்.

"இது கலியாண இறால் டொக்டர். மாதா கோயில்ல மூண்டு ஞாயிறும் கலியாண ஓலை வாசிச்சாச்சு, நாளைக்குத்தான் எங்களுக்குக் கலியாணம். செசீலியாதான், சுனாமியில பெண்சாதியப் பறிகுடுத்த மனிசன நான் இன்னொருக்கா அழ வைக்கமாட்டன், கான்சரெண்டா கோயில் சுவாமிட்டச் சொல்லிக் கலியாணத்த நிப்பாட்டிருவன் எண்டு ஒத்தக் கால்ல நிண்டவ. அவ சொன்னத்துக்காக நான் இறால் புடிக்காம இரிக்கேலுமா?"

ஊர் ஆஸ்பத்திரியிலும், வழிநெடுக ஆமிக்காரர்களிடமும், என்னிடமும் அவர் மனிசி மனிசி என்று சொல்லிக்கொண்டிருந்தது, நாளைக்கு மனிசியாகப் போகிறவளை.

மனம் நிறைந்துபோய் நின்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, இலக்கத்தை அழுத்தினார். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"செசீலியா, வெங்காயத்த உரிக்கச் சொல்லு."

நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை போலிருக்கிறது.